பித்தளைப் பிடியில் ஓர் எழுத்து

ஆரணி கொசப்பாளையத்தில் இருக்கும் தனசேகரனுக்கு ஐம்பத்தொரு வயது. பாவு பிணைப்பது அவர் தொழில். தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைப் பழைய இழைகளின் நுனியோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் மாலை வரை குனிந்த தலை நிமிராது. சேவூரிலும் ஆரணியிலும் அவர் கால் படாத தறி வீடு குறைவு.

அந்த வீடுகளில் அவரைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்வார்கள். ஓர் இழைகூடத் தவறவிடாதவர் என்பது ஒன்று. இன்னொன்றைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: அவர் சட்டைப் பையில் கத்தி இருக்கும்.

இருப்பது உண்மைதான். மடக்குக் கத்தி. மாம்பழம் நறுக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ என்று எதற்காவது அதை எடுத்து விரிப்பார். வேலை முடிந்ததும் துணியில் துடைத்து மடக்கி உள்ளே வைத்துக்கொள்வார். தினம் ஒரு கத்தி. வீட்டு அலமாரியில் நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தன. எருமைக் கொம்புப் பிடி போட்டவை, ஆடு மேய்ப்பவர்கள் வைத்திருந்த ஊசிமுனை வைத்தவை, வெற்றிலைக் கொடிக்காலில் கொழுந்து கிள்ளப் பயன்பட்ட பிறை போல் வளைந்தவை. சந்தைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் தேடித் தேடி வாங்கியவை. ஏன் இதில் இவ்வளவு ஆசை என்று கேட்டால், திறக்கும்போது வரும் அந்தச் சத்தம் பிடிக்கும் என்பார்.

ஞாயிறு காலையில் ஜன்னல் ஓரமாக ஒரு பட்டுத் துண்டை விரித்து, கத்தியை அதன்மேல் வைத்து, செல்போனில் படம் எடுப்பார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் தேவிப்ரியா அவருக்காக இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்திருந்தாள். எங்கெங்கோ இருப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தார்கள்.

ஒரு வகைப் படத்தை மட்டும் அவர் யாருக்கும் காட்டுவதில்லை. கத்தியை விற்பவரிடம், வாங்குவதற்கு முன், அதை உள்ளங்கையில் வைத்து நீட்டச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்வார். நாளைக்கு யாராவது வந்து இது திருட்டுப் பொருள் என்று சொன்னால் காட்டுவதற்கு ஓர் அத்தாட்சி. முகத்தை எடுக்கிறேன் என்றால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கையை நீட்டச் சொன்னால் நீட்டிவிடுவார்கள்.

அவர் பயப்படக் காரணம் இருந்தது. ஒரு தேர்தல் சமயத்தில் சோதனைக்கு நிறுத்திய போலீஸ்காரர்கள், சாப்பாட்டுப் பையில் பதினோரு கத்திகளைப் பார்த்துவிட்டார்கள். சந்தையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தவை. மாலை வரை காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். எந்தக் கட்சி, யாரைக் குத்தப் போகிறாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பட்டுக்கடைக்காரர் ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். அன்றிலிருந்து தனசேகரன் எல்லோரையும் சந்தேகக் கண்ணோடே பார்த்தார். வீட்டுக்கு யாராவது வந்து போனால் கத்திகளை எண்ணிப் பார்ப்பார்.

போன தை மாதம் ஒரு பித்தளைப் பிடிக் கத்தியின் படத்தைப் போட்டார். நான்கு வருடத்துக்கு முன் வாங்கியது. உள்ளூர்க் கொல்லர் வேலை, இரும்பு நல்ல இரும்பு. பிடியில் யாரோ ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி ‘இ’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் நாள் ஒரு செய்தி வந்தது.

இந்தக் கத்தி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

வழக்கமாக வரும் கேள்விதான். ஆனால் அனுப்பியவரின் பக்கத்தில் படமும் இல்லை, பெயரும் இல்லை. அவர் பதில் எழுதவில்லை. மறுநாள் அதே கேள்வி. அடுத்த நாள் மூன்று முறை. யாரிடம் வாங்கினீர்கள், எந்த ஊரில், எந்த வருடம் என்று நீண்டது. போலீஸ்காரர்கள்தான் இப்படி வருடம் கேட்பார்கள் என்று தனசேகரனுக்குத் தோன்றியது. அந்தப் படத்தை எடுத்துவிட்டார். அந்த நபர் மறுபடி எழுத முடியாதபடி இன்ஸ்டாகிராமில் தடை போட்டார். அலமாரியிலிருந்த கத்தியைப் பட்டுத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் போட்டார். மனைவி கீதா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தறிக்காரர் வீட்டிலேயே நேராகப் புடவை வாங்கலாம் என்று சொன்னார்கள், அம்மாவுக்கு ஒன்று வேண்டும் என்றாள். கீதா நெய்வதைத் தவிர, தெரிந்தவர்களுக்கு இரண்டு மூன்று புடவை விற்பதும் உண்டு. உட்காரச் சொல்லி, மூன்றை எடுத்து விரித்தாள்.

அந்தப் பெண் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. கரையைப் பார்க்கவில்லை, முந்தானையை விரிக்கச் சொல்லவில்லை. அவள் கண் அலமாரியின்மேல் இருந்தது. தனசேகரன் தறியருகே நின்று அவளைக் கவனித்தார். அவள் மடியில் செல்போன் நிமிர்ந்து கிடந்தது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

“அந்தப் பதிவை நிறுத்தும்மா,” என்றார். “நீ புடவை வாங்க வரல.”

அவள் நிறுத்தவில்லை. “நீங்க ஏன் சார் போட்டோவ எடுத்துட்டீங்க?” என்று கேட்டாள்.

கீதா புடவைகளை மடிக்கத் தொடங்கினாள். பிறகு அந்தப் பெண்ணே சொன்னாள். அவள் பெயர் இனியா. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்த ஊரை வைத்து விசாரித்து வந்திருந்தாள். வெம்பாக்கத்துக்கு அப்பால் ஒரு கிராமம். செய்யாறு பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை. அவள் அப்பா துரைக்கண்ணு கூலி வேலைக்காரர். ஒன்பது வருடத்துக்கு முன், தம்பி இளவரசனோடு பெரணமல்லூர்ப் பக்கம் அறுவடைக்குப் போனார். ஆறாம் நாள் தம்பி மட்டும் திரும்பி வந்தான். அண்ணன் முந்தின நாளே கிளம்பிவிட்டான், வீட்டுக்கு வரவில்லையா என்று கேட்டான். அவன் வேட்டியில் ரத்தக் கறை இருந்தது. அரிவாள் காலில் பட்டது என்றான், காயத்தையும் காட்டினான். யாரும் நம்பவில்லை. போகும் முன் அண்ணன் தம்பிக்குள் பெரிய சண்டை நடந்ததை ஊரே பார்த்திருந்தது. போலீஸ் அவனைக் கொண்டுபோய் விசாரித்து, ஒன்றும் கிடைக்காமல் விட்டது. ஊர் விடவில்லை. அவன் வீட்டில் தண்ணீர் குடிப்பவர்கூட இல்லை. இனியாவும் சித்தப்பாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பாவின் இடுப்பை விட்டு இறங்காத கத்தி அது. அவள் முதன்முதலாகத் தன் பெயரின் முதல் எழுத்தைச் சிலேட்டில் எழுதிக் காட்டிய நாள், அவர் அதைப் பார்த்து அப்படியே பிடியில் ஆணியால் குத்தி வைத்தார்.

“அவர் உயிரோட இருந்தா அத குடுத்திருக்க மாட்டார்,” என்றாள் இனியா. “யார் கிட்ட வாங்கனீங்க, சொல்லுங்க.”

தனசேகரனுக்கு அந்த நிமிடம் அவள் அப்பா தெரியவில்லை. கொலை வழக்கு தெரிந்தது, காவல் நிலையத்து பெஞ்சு தெரிந்தது. பழைய இரும்புக் கடையில் சாக்கு மூட்டையில் கிடந்தது என்றார். எந்தக் கடை என்றாள். வேலூரில், ஞாபகம் இல்லை என்றார்.

“பொய் சொல்றீங்க,” என்றாள் அவள். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்த கீதா, அவர் முகத்தையே பார்த்தாள். “இன்னாங்க, என் கிட்டயாவது உண்மைய சொல்லுங்க. அந்தக் கத்தி உங்க கைக்கு எப்படி வந்துது?”

இருபத்தேழு வருடம் ஒன்றாக வாழ்ந்தவள். சோதனையில் பிடித்து வைத்தவர்கள் கேட்டபோதுகூட அவருக்கு அப்படி வலிக்கவில்லை. உள்ளே போய், பழைய செல்போனைத் தேடி எடுத்துச் சார்ஜில் போட்டார்.

கைகளின் படங்கள் அதில்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். பிப்ரவரி 2021. போளூர் பக்கத்து மாட்டுச் சந்தை. ஒரு வலது கை, உள்ளங்கையில் பித்தளைப் பிடிக் கத்தி. கறுத்துக் காய்த்த கை. நடு விரலில் மேல் கணு இல்லை.

ஆளும் மெல்ல நினைவுக்கு வந்தார். தலையில் துண்டு, நரைத்த தாடி. மாடு ஏற்றும் லாரியோடு வந்தவர். அவராகவே வந்து கத்தியைக் காட்டி, இது எனக்கு இனி வேண்டாம் என்றார். படம் எடுக்கும்போது, வண்டி வந்துகினு இருக்கு, ஜல்தியா எடுங்க என்று அவசரப்பட்டார். பிடியில் இருக்கும் எழுத்து என்ன என்று தனசேகரன் கேட்டதற்கு, எழுத்துதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தக் கை அவள் அப்பாவின் கை என்றால், காணாமல்போன ஐந்தாவது வருடம் அந்த ஆள் சந்தையில் உயிரோடு நின்றிருக்கிறார்.

நான்கு நாள் தனசேகரன் யாரிடமும் சொல்லவில்லை. பாவு பிணைக்கப் போன வீட்டில் இழை தப்பியது. ஒரே இடத்தை இரண்டு முறை பிரித்துக் கட்டினார். அந்தப் பெண் சொன்னது முழுக்கப் பொய்யாக இருந்தால்? சித்தப்பன்தான் அவளை அனுப்பியிருந்தால்? இரண்டு தரப்புக்கும் நடுவில் தன்னைச் சாட்சியாக நிறுத்தி வைத்துவிட்டால்? ஐந்தாம் நாள், இன்ஸ்டாகிராமில் போட்ட தடையை நீக்கி, அவளுக்கு ஒரு வரி மட்டும் அனுப்பினார். உங்கள் அப்பாவின் கையில் ஏதாவது அடையாளம் உண்டா?

பதில் உடனே வந்தது. வலது கை நடு விரலில் நுனி கிடையாது. கதிரடிக்கும் மிஷினில் போனது. கூடவே இன்னொரு வரி: உங்களுக்கு அது எப்படித் தெரியும்?

தனசேகரன் கீதாவிடம் படத்தைக் காட்டினார். அவள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு அரிசி டிரம்மிலிருந்து கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “நேர்ல போய் குடுத்துட்டு வாங்க,” என்றாள். “போன்ல சொல்ற சமாச்சாரமா இது.”

அடுத்த ஞாயிறு செய்யாறு போய், பஸ் மாறி, வெம்பாக்கம் தாண்டி இறங்கினார். பஸ் நிறுத்தத்து மரத்தடியில் இருந்த இரண்டு பேர் யார் வீட்டுக்கு என்று கேட்டார்கள். இனியா செய்தியில் எழுதியிருந்தபடி அவள் அம்மா சின்னம்மாவின் பெயரைச் சொன்னதும், எந்தச் சின்னம்மா, எதற்கு, எந்த ஊரு என்று அடுத்தடுத்துக் கேட்டார்கள். புடவை விஷயமாக என்று சொல்லி நடந்தார். அவர்கள் பார்வை முதுகில் இருந்தது.

அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. வாசலில் இனியா நின்றிருந்தாள். அவளுடைய அம்மா சின்னம்மா உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒல்லியான பெண்மணி. நாற்காலியைக் காட்டி உட்காருங்க என்றவள், மறுபடி கீரைக்கே திரும்பினாள்.

தான் சொன்னது பொய் என்பதை முதலில் ஒப்புக்கொண்டார் தனசேகரன். பயத்தில் சொன்னேன் என்றார். பிறகு படத்தை எடுத்து நீட்டினார்.

இனியா வாங்கி, விரலால் பெரிதாக்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“தேதி இருக்குதா?”

கீழே தேதியும் நேரமும் இருந்தன. அவள் திரும்பத் திரும்ப அதைத்தான் படித்தாள். எந்தச் சந்தை, எப்படி இருந்தார், என்ன சட்டை, உடம்பு சரியாக இருந்ததா, வேறு யாராவது கூட இருந்தார்களா என்று கேட்டாள். தெரிந்ததை எல்லாம் அவர் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் சின்னம்மாவிடம் போனது. புருஷனின் கை அந்த அறையில் ஒரு படத்தில் இருக்கிறது. அவள் இன்னும் அதைப் பார்க்கக் கேட்கவில்லை. கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

சந்தேகப்பட்டே பழகியவர் என்பதால் அவருக்கு அது முதலில் தெரிந்தது. சற்று நேரத்தில் இனியாவும் கவனித்தாள்.

“யம்மா. நீ ஏன் பாக்க மாட்டேன்ற?”

சின்னம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள். “எனக்குத் தெரியும்டி,” என்றாள். “ஒரு தபா போன் பண்ணான். காணாம போன நாலாவது மாசம். என்னத் தேட வேணாம், நான் வரமாட்டேன், பொண்ணப் பாத்துக்கன்னான். வச்சிட்டான்.”

இனியா போனைத் தரையில் வைத்தாள். “சித்தப்பாவ ஊரே கொலகாரன்னு பேசிகினு இருந்துது. நானுந்தான் பேசினேன். நீ கம்முனு இருந்த.”

“செத்துட்டான்னா நம்ம கூட ஒக்காந்து அழுவாங்க. உட்டுட்டு ஓடிட்டான்னா என்னை இன்னான்னு பேசுவாங்க? பதினேழு வயசு பொண்ணா உன்ன வச்சிகினு இருந்தேன்.” சின்னம்மா தனசேகரனைப் பார்த்தாள். “முதல்ல நாளைக்கு சொல்லிடலாம்னுதாங்க இருந்தேன். அப்புறம் சொல்ல முடியாம போயிடுச்சு.”

தனசேகரன் எழுந்துவிடலாமா என்று நினைத்தார். அந்நியர் கேட்க வேண்டிய பேச்சாக இல்லை அது. ஆனால் இனியா அவர் பக்கம் திரும்பி, என்னோடு ஓர் இடத்துக்கு வர முடியுமா சார் என்று கேட்டாள்.

இளவரசனின் வீடு தெருவின் கடைசியில், வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. நாற்பத்தைந்து வயதுக்காரர், அறுபது போல் தெரிந்தார். அண்ணன் மகள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவர் மனைவி உள்ளே போய்விட்டாள். அவர் கட்டிலிலிருந்து எழவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கூட வந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். போலீசா என்று கேட்டார்.

தனசேகரன்தான் தான் யார் என்று சொல்லி, படத்தைக் காட்டி, மாட்டு லாரியோடு வந்தவரைச் சந்தையில் பார்த்ததையும் சொல்லி, தேதியைப் படித்தார். இளவரசன் போனைக் கையில் வாங்காமல், அவர் பிடித்திருந்தபடியே குனிந்து பார்த்தார்.

“மாடு ஓட்டிகினு இருக்கறானா,” என்றார்.

அவ்வளவுதான். அழுவார் என்றோ திட்டுவார் என்றோ தனசேகரன் எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. பட்டுத் துண்டைப் பிரித்து கத்தியை அவர் அருகில் கட்டிலில் வைத்தார். அதை எடுத்து, புள்ளிகளின்மேல் கட்டைவிரலை ஓட்டினார் இளவரசன்.

“இது என் பேருன்னு நெனச்சிகினு இருந்தேன். கேட்டா அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்.”

இனியா வாய் திறந்தாள். தனசேகரன் அவளைப் பார்த்தார்.

“இருக்கும் சித்தப்பா,” என்றாள்.

ஒன்பது வருடத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கத்தி இளவரசனிடமே இருக்கட்டும் என்றும் அவளே சொன்னாள். வாங்கிய கத்தி எதையும் அதுவரை யாருக்கும் கொடுக்காத தனசேகரன், சரி என்று தலையாட்டினார்.

விஷயம் அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து இளவரசன் ஆரணிக்கு வந்தார். காவல் நிலையத்தில் வந்து நீங்கள் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றார். தனசேகரன் ஒருநாள் தள்ளிப் போட்டார், இன்னொரு நாள் உடம்பு சரியில்லை என்றார். மூன்றாம் முறை இளவரசன் வாசலிலேயே நின்றார். கீதா தனசேகரனின் சலவைச் சட்டையை எடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். போனார்.

அங்கே கேட்ட கேள்விகள் அவர் எதிர்பார்த்தவைதான். ஏன் கத்தி வாங்குகிறாய். ஏன் கையைப் படம் எடுக்கிறாய். அந்த ஆளை உனக்கு எவ்வளவு நாளாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் உள்ளபடி பதில் சொன்னார். எழுதிய காகிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

ஊர் அதையும் நம்பவில்லை. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் எந்தக் கையையும் உண்டாக்கலாம் என்றார்கள். ஆரணிக்காரனை இளவரசன்தான் ஏற்பாடு செய்தான் என்றார்கள். புடவை விஷயமாக வந்தேன் என்று அவன் பஸ் நிறுத்தத்தில் பொய் சொன்னதை இரண்டு பேர் நினைவுபடுத்தினார்கள். ஒன்பது வருடம் இளவரசன்மேல் இருந்த சந்தேகத்தில் பாதி இப்போது தனசேகரன்மேல் வந்து உட்கார்ந்தது. இனியா போனில் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, எனக்கு இது பழக்கம்தாம்மா என்றார் அவர்.

இனியா அவரோடு அந்தச் சந்தைக்கு மூன்று முறை வந்தாள். மாட்டுத் தரகர்களிடம் படத்தைக் காட்டினார்கள். ஒருவர் இந்த விரலைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார், எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. நான்காம் முறை போகலாமா என்று தனசேகரன் கேட்டதற்கு, வேண்டாம் சார் என்றாள். அவர் வரமாட்டேன் என்றுதானே போன் செய்தார் என்றாள்.

ஆடி மாதம் இனியாவின் ஊர் அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். கொப்பரையைச் சுற்றிச் சனம் நின்றிருந்தபோது, சின்னம்மா முன்னால் வந்து நின்று, துரைக்கண்ணு போன் செய்ததைச் சொன்னாளாம். எந்த மாதம், என்ன சொன்னான், ஏன் இத்தனை வருடம் தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள், எல்லாவற்றையும். யாரோ நடுவில் ஏதோ கேட்க, இன்னும் சத்தமாக முதலிலிருந்து சொன்னாளாம். பெரியவர்கள் இரண்டு பேர் இளவரசனைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். அவர் வரவில்லை. கூப்பிட்டால் வந்துவிட வேண்டுமா என்று கேட்டு அனுப்பினார்.

பிறகு சின்னம்மாவே ஒரு பெரிய சொம்பில் கூழை மொண்டுகொண்டு, அந்தத் தெருவின் கடைசி வரை நடந்து போனாள். இளவரசன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் இனியா போனில் இதைச் சொன்னபோது, சேவூரில் ஒரு தறிக்கடியில் உட்கார்ந்திருந்தார் தனசேகரன். விரலெல்லாம் சாம்பல். இளவரசன் குடித்தாரா என்று கேட்டார்.

சாயங்காலம் சொம்பு காலியாகத் திரும்பி வந்தது, கழுவி வைத்திருந்தார்கள், யார் குடித்தார்கள் என்று தெரியாது என்றாள் இனியா.